இடியாப்பத்துக்கு மாற்று

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கு,



இவ்வாரத் தியானப் பகுதிகள்: எண்ணாகமம் 11:4–10, 31–34; தானியேல் 1:8–16; 1 சாமுவேல் 14:24–30.

இந்த வாரச் சிந்தனை அடுக்களையில் தொடங்குகிறது. அதில் என்னுடைய அறிக்கை ஒன்றும் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனையில் தானியேல் முதலாம் அதிகாரத்தை வைத்துப் பிரசங்கித்தேன். அன்று நான் பெருமையாகச் சொன்ன ஒரு சொல், நம் சபையின் வாலிபத் தம்பி ஒருவனைப் படுக்கையில் தள்ளிவிட்டது. உங்களில் சிலர் அதை அறிவீர்கள். அந்தத் தம்பியின் சம்மதத்தோடு, அவன் பெயரைச் சொல்லாமல், நடந்ததை இங்கே எழுதுகிறேன். உணவைக் குறித்து ஒரு போதகன் இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்காதிருங்கள். நம் வீடுகளில் மாத்திரைப் பெட்டி இல்லாத வீடு எது என்று எண்ணிப் பாருங்கள்.

மாவினால் நிறைந்த நாள்

எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை ஓராண்டுக்கு முன் இரத்தப் பரிசோதனை காட்டிற்று. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி அளவு 8.4 என்று வந்திருந்தது. அது 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்று மருத்துவர்கள் கொள்ளுகிறார்கள். "ஐயா, ஒரு நாளில் என்னென்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். காலையில் இடியாப்பம் அல்லது சேமியா உப்புமா, மதியம் சோறு, மாலையில் வீடு சந்திப்புகளில் தேநீரும் பிஸ்கட்டும் கேசரியும், இரவில் மீண்டும் இடியாப்பம் என்று சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "காலை முதல் இரவு வரை மாவுதான் ஐயா" என்றார்.

அது என் ஒருவனுடைய கதையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்றும், சுமார் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் அது கணக்கிட்டது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வந்தது. நாம் பெறும் ஆற்றலில் ஏறக்குறைய 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அது சொல்லுகிறது.

நம் ஒரகடத்தை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையும் நம் ஊரில் சந்திக்கின்றன. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த பூமி இது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் நம் ஊரிலேயே ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. இன்று கொரிய எழுத்திலும் ஜப்பானிய எழுத்திலும் உணவகப் பலகைகள் தொங்குகின்றன. மூன்று ஷிஃப்டுகளுக்கும் கம்பெனிப் பேருந்துகள் ஓடுகின்றன. ஓர் அறையில் ஐந்தாறு பேராய்த் தங்கியிருக்கும் நம் பிள்ளைகள், நள்ளிரவு கழிந்து வேலையிலிருந்து வந்து, மின்கெண்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து நூடுல்ஸ் போட்டுச் சாப்பிட்டு உறங்குகிறார்கள். வாலிபர் ஐக்கியக் கூடுகையில் பெண்பிள்ளைகள் ஆசையோடு பாஸ்தா செய்து கொண்டுவருகிறார்கள். பாஸ்தா, நூடுல்ஸ், சேமியா, இடியாப்பம் என்று பெயர்கள் வேறுபட்டாலும் எல்லாம் நூலாகவும் குழலாகவும் இழுக்கப்பட்ட மாவே.

கேழ்வரகு என்னும் சாக்கு

மருத்துவரிடமிருந்து வந்த நான் முதலில் செய்தது எது தெரியுமா? வெள்ளைச் சேமியாவை விட்டுக் கேழ்வரகுச் சேமியாவுக்கு மாறினேன். அரிசி இடியாப்பத்தை விட்டுக் கோதுமை இடியாப்பத்துக்கு மாறினேன். மாறினதினால் தைரியமடைந்து, தட்டில் இன்னும் ஒன்றைக் கூடுதலாகவே வைத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அளவு அப்படியே இருந்தது.

காரணம் எளியது. அரிசி, கோதுமை, கேழ்வரகு ஆகிய மூன்றிலும், உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 65 முதல் 78 கிராம் வரை மாவுச்சத்தே இருக்கிறது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் மிகுதி; அது நல்ல தானியம், அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றினால் சர்க்கரை நோய்க்கான ஆபத்து குறைவதாகக் காணப்படவில்லை என்று நான் மேலே சொன்ன 2025ஆம் ஆண்டு ஆய்வும் சொல்லுகிறது. அதை வாசித்தபோது என் ஆவிக்குரிய வாழ்க்கையின் சில பக்கங்களும் நினைவுக்கு வந்தன. ஒரு பாவத்தின் பெயரை மாற்றிவைத்துக்கொண்டு, அதை விட்டுவிட்டதாக எண்ணிய நாட்கள் எனக்கு உண்டு. கோபத்தை 'நீதியின் வைராக்கியம்' என்று அழைத்திருக்கிறேன். பொருளாசையை 'எதிர்காலத் திட்டம்' என்று அழைத்திருக்கிறேன். சேமியாவின் நிறம் மட்டும் மாறியிருந்தது.

சுரைக்காயும் வாழைத்தண்டும்

அதன்பின் என் துணைவியாரும் நானும் உண்மையான மாற்றைத் தேடினோம். இதை விரிவாகவே சொல்லுகிறேன்; உங்களில் பலருக்கு உதவும்.

முதலில் சுரைக்காய். 100 கிராமுக்கு நான்கு கிராமுக்கும் குறைவான மாவுச்சத்து. இளங்காயைத் தோல் சீவி, நீளவாக்கில் நூல் நூலாகத் துருவி, ஆவியில் வேகவைத்தோம். கூழாகிவிட்டது. இரண்டாம் நாள், துருவியதில் உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, நீரைப் பிழிந்தெடுத்து, சூடான சட்டியில் இரண்டே நிமிடம் புரட்டினோம். நூல் நூலாகவே நின்றது. அதன்மேல் தேங்காய்ப்பாலை ஊற்றினேன். ஒரு வாய் உண்டதும் என் முகம் மாறியதைப் பார்த்து அவர்கள் சிரித்துவிட்டார்கள். சுரைக்காய் சுரைக்காயாகவே இருந்தது.

பின்பு வாழைத்தண்டு. நம் தாய்மார் செய்ததுபோல வில்லையாக நறுக்கி, ஒவ்வொரு வில்லையிலும் எழும் நாரை விரலில் சுற்றி எடுத்து, கறுத்துப்போகாதபடி மோரில் போட்டு, மெல்லிய இழைகளாக அரிந்து வேகவைத்தோம். கடிக்க நன்றாயிருந்தது. ஆனால் இடியாப்பம் என்று சொன்னால் குழந்தையும் நம்பாது.

ஜப்பானியக் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் நம் சபைச் சகோதரர், இதை அறிந்து, ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். ஷிராதாகி என்று பெயர். 'வெள்ளை அருவி' என்பது அதன் பொருள். நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த கொன்யாக்கு என்னும் கிழங்கின் நாரிலிருந்து அந்த நாட்டார் அதைச் செய்கிறார்கள். பெரும்பகுதி தண்ணீரும், செரிக்கப்படாத நாரும். சர்க்கரையாக மாறுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பிரித்தவுடன் மீன் வாடைபோல ஒன்று எழும். நன்றாய் அலசி, எண்ணெயில்லாத சட்டியில் ஈரம் வற்ற வதக்கினால் போய்விடும். பார்வைக்கு அச்சான நூடுல்ஸ். ஆனால் தனக்கென்று ருசியில்லாதது. எந்தக் குழம்பில் போடுகிறோமோ அதன் ருசியே அதற்கு. (இதைக் கேட்டுவிட்டு நம் சேனைக்கிழங்கையும் அப்படியே எண்ணிவிடாதிருங்கள், அதில் மாவுச்சத்து உண்டு.)

அன்றிரவு ஷிராதாகியை வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தேன். பதினோரு மணிக்குப் பசி எழுப்பிற்று. விளக்கைப் போடாமல் அடுக்களைக்குப் போய், பிள்ளைகளுக்கு வைத்திருந்த டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்து இருட்டில் நின்று தின்றேன். ஐம்பது வயதைக் கடந்தவன், இச்சையடக்கத்தைக் குறித்துப் பிரசங்கிக்கிறவன், தன் வீட்டிலேயே திருடனைப்போல நின்றேன்.

தண்ணீரும் நாரும் வயிற்றை நிரப்பும். பசியைத் தாங்கிப்பிடிப்பது புரதமும் ஓரளவு கொழுப்பும். இதை மருத்துவர் பின்னர் விளக்கினார். அதற்குப் பிறகுதான் எங்கள் அடுக்களைக்கு வெளிச்சம் வந்தது. முட்டைக்கோசை நீள நீளமாக மெல்லியதாய் அரிந்து, கடுகு, உளுத்தம்பருப்பு, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மூடாமல் பெருந்தீயில் வதக்கி, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை சேர்த்தோம். வேறொரு நாள், இரண்டு முட்டைகளை அடித்துத் தோசைக்கல்லில் காகிதம்போல மெல்லியதாய் ஊற்றி, சுருட்டி, நாடா நாடாவாக வெட்டி, வதக்கிய கோசோடு சேர்த்துச் சால்னா ஊற்றிக் கொத்தினோம். அதைச் சாப்பிட்ட இரவு நான் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. முட்டை உண்ணாதவர்கள் பன்னீரையும், ஊறவைத்து அரைத்த பாசிப்பயற்றில் சுட்ட மெல்லிய அடையையும் அவ்விதமே நாடாக்கிக்கொள்ளலாம். பயற்றில் மாவுச்சத்து உண்டென்றாலும், புரதமும் நாரும் சேர்ந்திருப்பதால் அது மெதுவாகவே இரத்தத்தில் கலக்கும்.

எகிப்தின் வெள்ளரிக்காய்

இந்த நாட்களில் எண்ணாகமம் 11ஐ மறுபடியும் வாசித்தேன். வனாந்தரத்தில் மன்னாவை உண்டு சலித்த ஜனங்கள் எகிப்தை நினைத்து அழுகிறார்கள். அவர்கள் எதை நினைத்து அழுதார்கள் என்று கவனியுங்கள்: மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், பூண்டு. இறையியல் கல்லூரியில் இந்தப் பகுதியைப் பாடமாகப் படித்தேன்; பல முறை பிரசங்கித்தும் இருக்கிறேன். ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசித்தபோதுதான் அது என்னைப் பிடித்தது. அவர்கள் ஏங்கி அழுத பட்டியலும், நான் முகம் சுளித்த பட்டியலும் ஏறக்குறைய ஒன்றே! அவர்களுக்கு அப்பம் போன்ற மன்னா கிடைத்தது, காய்கறிக்காக அழுதார்கள். எனக்குக் காய்கறி கிடைத்தது, அப்பத்துக்காக அழுதேன்.

அப்படியானால் இச்சை பொருளில் இல்லை. கையில் இல்லாததன்மேல் அது போய் உட்காருகிறது. நினைவும் அதற்குத் துணைபோகிறது. எகிப்தில் மீனை விலையில்லாமல் தின்றோம் என்று அந்த ஜனங்கள் சொன்னார்கள். அவர்கள் அங்கே அடிமைகளாயிருந்தார்கள், செங்கல் அறுத்தார்கள், பிள்ளைகளை ஆற்றில் இழந்தார்கள். அந்த விலையெல்லாம் நினைவிலிருந்து கழுவப்பட்டு, மீன் மட்டும் மிஞ்சிற்று.

என் நினைவையும் இதன்முன் நிறுத்தினேன். நான் ஏங்கியது எந்த இடியாப்பத்துக்கு? சிறுவயதில் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை முடிந்து, பனியில் நடந்து வீட்டுக்கு வந்தால், என் தாயார் ஆவி பறக்க எடுத்துவைக்கும் இடியாப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும். அதை உண்ணும் நாங்கள் எட்டுப் பேர். அத்தனை பேருக்கும் மரநாழியில் மாவு பிழிந்த அவர்கள் உள்ளங்கை இரண்டு நாட்களுக்குச் சிவந்திருக்கும். அந்தச் சிவப்பை நான் மறந்துபோனேன். இடியாப்பத்தை மட்டும் மறக்கவில்லை. தாயார் ஆண்டவரிடம் போய்ப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. சுரைக்காயிடம் நான் கேட்டது இடியாப்பத்தையன்று, அந்தக் காலையை. சுரைக்காய் என்ன செய்யும்? எந்த உணவுதான் அதைக் கொடுக்கக்கூடும்?

இது விளங்கினபின் ஒரு காரியம் செய்தோம். 'சுரைக்காய் இடியாப்பம்', 'கோஸ் நூடுல்ஸ்' என்ற பெயர்களை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். கோஸ் முட்டைக் கொத்து என்று அதன் பெயராலேயே அழைத்து, அதற்காகவே ஸ்தோத்திரம் சொல்லி உண்ணத் தொடங்கினோம். 'இது அதைப்போல இல்லையே' என்கிற முறுமுறுப்பு சில வாரங்களில் அடங்கிப்போனது. கோசும் தேவன் படைத்ததே. வேறொன்றின் வேஷத்தைப் போட்டுக்கொண்டுதான் அது என் தட்டுக்கு வரவேண்டும் என்று நான் கட்டளையிட்டிருந்தேன்.

கிப்ரோத் அத்தாவா என்பது அந்த அதிகாரத்தின் முடிவில் வரும் இடத்தின் பெயர். இச்சையின் கல்லறைகள் என்று பொருள். காடை இறைச்சி அவர்கள் பற்களுக்கிடையில் இருக்கும்போதே வாதை வந்தது. கேட்டது கிடைத்தும் திருப்தி கிடைக்கவில்லை.

நான் இட்ட ஆணை

இப்பொழுது என் அறிக்கைக்கு வருகிறேன்.

மூன்று மாதங்களில் என் அளவு 6.9க்கு இறங்கிற்று. உள்ளம் உயர்ந்தது. அந்த ஞாயிறு பிரசங்கத்தில், தானியேலும் அவன் தோழரும் பத்து நாட்கள் மரக்கறியும் தண்ணீரும் மட்டும் உண்டு, ராஜபோஜனம் உண்டவர்களைவிடக் களையுள்ள முகத்தோடு நின்றதைச் சொல்லி, "நான் சோற்றையும் இடியாப்பத்தையும் விட்டேன், விசுவாசமுள்ள எவனும் விடலாம், பத்து நாள் செய்து பாருங்கள்" என்றேன். ஆமென் என்றீர்கள். மகிழ்ந்து வீட்டுக்குப் போனேன்.

அந்தத் தம்பிக்கு இருபத்தொன்பது வயது. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை யாரிடமும் சொல்லாமல் மாத்திரை எடுத்துவந்தான். பெண் பார்க்கிற காலம், ஆகையால் வெட்கம். மறுநாள் முதல் மாவுப் பொருளைத் தொடவில்லை. வெள்ளரிக்காயும் சுரைக்காயும் மோரும் மட்டும். மாத்திரையைக் குறைக்க வேண்டுமென்று அவனுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. அவன் எடுத்தது கிளிமிபிரைடு வகை மாத்திரை. உணவு வந்தாலும் வராவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். மூன்றாம் நாள் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்தவன், வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி, சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.

அவனோடு தங்கியிருப்பவன் ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளை. அவனுக்குத் தமிழ் தெரியாது. என் பிரசங்கமும் தெரியாது. அவனுடைய தகப்பனுக்கு இந்த நோய் உண்டாம். ஆகையால் அடையாளம் தெரிந்துகொண்டான். தம்பிக்கு விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தபடியால், ஒரு தம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தான். பின்பு தம்பியின் கைபேசியிலிருந்து என்னை அழைத்தான். மணி ஒன்று ஆகியிருந்தது. மருத்துவமனைக்கு நாங்கள் கொண்டுபோனபோது, சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போன பிறகும் அளவு 58 தான். 70க்குக் கீழே போனால் உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும். "அந்தச் சர்க்கரைத் தண்ணீர் கிடைக்காமல் இருந்தால் என்னவாகியிருக்குமோ" என்றார் பணியிலிருந்த மருத்துவர்.

வராந்தா பெஞ்சில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அப்பொழுது என் நினைவுக்கு வந்தது தானியேல் அல்ல, சவுல். யுத்தநாளில் சாயங்காலம்வரை எவனும் உண்ணக்கூடாதென்று சவுல் ஆணையிட்டான். ஜனங்கள் காட்டில் தேன் ஒழுகுவதைக் கண்டும் ஆணைக்குப் பயந்து, களைத்துத் தள்ளாடினார்கள். ஆணையை அறியாத யோனத்தான் கோலின் நுனியால் தேனைத் தொட்டு உண்டான். அவன் கண்கள் தெளிந்தன. தன் தகப்பன் தேசத்தைக் கலங்கப்பண்ணினான் என்றான். தலைவனுடைய வைராக்கியத்துக்கு ஜனங்களின் சரீரம் விலை கொடுத்தது. ஒடிசாப் பிள்ளை கொடுத்த சர்க்கரைத் தண்ணீர் அந்தத் தேன். சவுல் நான்.

தானியேலையும் நான் சரியாகச் சொல்லவில்லை. அவன் ராஜபோஜனத்தை மறுத்தது உடல் இளைப்பதற்காக அல்ல, தன்னைத் தீட்டுப்படுத்தக்கூடாதென்று. அவன் கேட்ட உணவுக்கு எபிரெய மூலத்திலுள்ள சொல் விதைக்கப்பட்டு விளைந்தவற்றைக் குறிக்கும். பருப்பும், ஒருவேளை தானியமும்கூட அதற்குள் அடங்கும். மாவுச்சத்தைக் குறைக்கும் திட்டத்துக்கு அதை ஆதாரமாக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தானியேல் தனியாக முடிவுசெய்யவில்லை. பொறுப்பிலிருந்த அதிகாரியிடம் அனுமதி கேட்டான், நாள் குறித்தான், முடிவில் தங்களைப் பரிசோதித்துப் பார்க்கும்படி அவனிடமே விட்டான். நான் பிரசங்கத்தில் விட்டுவிட்டது அந்தப் பகுதியைத்தான்.

மறுநாள் தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். "ஐயா, நீங்கள் சர்க்கரை இருக்கிறதென்று முன்னமே சபையில் சொல்லியிருந்தால், நானும் உங்களிடம் சொல்லியிருப்பேன்" என்றான். அதற்கு என்னிடத்தில் பதில் இல்லை. நோய் வந்தபோது மறைத்தேன். வென்றபோது மட்டும் அறிவித்தேன். என் வெற்றியைக் கேட்டவனுக்கு என் பலவீனத்தைக் காண வழியிருக்கவில்லை.

சபைக்குச் சில விண்ணப்பங்கள்

பிரியமானவர்களே, இவற்றை ஆணையாகச் சொல்லவில்லை. ஆணையிட்டதன் பலனைக் கண்டுவிட்டேன். விண்ணப்பமாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேளாமல் சோற்றையோ மாவையோ திடீரென்று குறைக்காதிருங்கள். உணவு குறையும்போது மருந்தின் அளவும் மாறவேண்டியிருக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன்னும் கேளுங்கள். வேர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால், விழுங்கக் கூடியவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் அளவு பாருங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டாவது, பரிசோதனைக்கு வெட்கப்படாதிருங்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறது. அறையில் தனியாய்த் தங்கியிருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் நோயை உடன் தங்கியிருப்பவரிடமாவது சொல்லிவையுங்கள்.

மூன்றாவது, வீடு சந்திப்புக்கு நான் வரும்போது கேசரி வேண்டாம். இதுவரை உங்கள் மனம் புண்படும் என்று பயந்து உண்டேன். இனி ஒரு கிண்ணம் சுண்டல் போதும். அதுவும் இல்லாவிட்டால் தண்ணீர் போதும்.

நான்காவது, அடுத்த அன்பின் விருந்தில் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் கோஸ் முட்டைக் கொத்தும் பாசிப்பயற்று அடையும் இருக்கும். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எவர் எதை எடுக்கிறார் என்று எவரும் பார்க்கவேண்டாம். ஏன் எடுக்கவில்லை என்று எவரும் கேட்கவேண்டாம். வயலிலும் ஆலையிலும் உடல் வருந்தி உழைத்துப் பசியோடு வருகிறவர் சோறு உண்ணட்டும். ரேஷன் அரிசியே ஆதாரமாயிருக்கும் வீடுகள் நம் நடுவில் உண்டு. அவர்கள் முன் சோற்றைப் பழித்துப் பேசுவது நமக்குத் தகாது. அன்றாட உணவுக்காக ஜெபிக்க ஆண்டவர் நமக்குக் கற்பித்தாரே.

கடந்த கிறிஸ்துமஸ் காலையில், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, என் துணைவியார் இடியாப்பம் பிழிந்தார்கள். என் தட்டில் ஒன்று வைத்தார்கள். சுற்றிலும் கோசும் முட்டையும் கறித்துண்டுகளும். வனாந்தரத்தில் மன்னாவைச் சேர்த்தவர்கள் ஓமரால் அளந்தபோது, மிகுதியாய் எடுத்தவனுக்கு மிஞ்சவுமில்லை, குறைவாய் எடுத்தவனுக்குக் குறையவுமில்லை என்று யாத்திராகமம் 16 சொல்லுகிறது. அந்த அளவு என்னவென்று அன்று ஓரளவு விளங்கிற்று. தம்பியும் எங்களோடு பந்தியில் இருந்தான். அவனுடைய ஒடிசா நண்பனும் இருந்தான். அந்தப் பிள்ளை இடியாப்பத்தைப் பார்த்தது அதுவே முதல் தடவை, ஆறு சாப்பிட்டான். நாங்கள் இருவரும் ஆளுக்கொன்றை மெதுவாக உண்டு முடித்தோம். எழுந்து கை கழுவும்போது என் துணைவியாரின் உள்ளங்கையைப் பார்த்தேன். சிவந்திருந்தது.

ஜெபிப்போம்

பரம பிதாவே, நீர் கொடுத்ததை அதன் பெயராலேயே ஏற்று நன்றி சொல்ல எங்களுக்குக் கற்றுத்தாரும். இல்லாததை நினைத்து முறுமுறுக்கிற எங்கள் உள்ளத்தை மன்னியும். பலவீனத்தை மறைக்கிற வெட்கத்திலிருந்தும், பிறர்மேல் பாரத்தைச் சுமத்துகிற பெருமையிலிருந்தும் உம்முடைய ஊழியனை விடுவியும். நோயோடு இரவு வேலைக்குப் போகிற பிள்ளைகளைக் காத்தருளும். அவர்களைக் கவனித்துக்கொள்ளுகிற உடன் அறையினரை ஆசீர்வதியும். எங்கள் பந்திகளில் நீர் இருந்து எங்களைத் திருப்தியாக்கும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்
ஒரகடம்